நாலு மாண்டலின், ஒரு விறாந்தை: சத்தத்துக்கும் காசுக்கும் கணக்குப் பார்ப்பது எப்படி

போன வருசம் கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு பின்னேரம், மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் நாலு மாண்டலின் பாயில் வரிசையாகக் கிடந்தன. ஒன்று, கொழும்பில் நானே போய் வாங்கி ஏமாந்தது. இரண்டாவது, ரொறன்ரோவில் இருந்து லீவுக்கு வந்த மச்சான் கொண்டுவந்த, ஈஸ்ட்மன் என்ற கம்பனியின் எம்டி (MD) 305. மூன்றாவது, அவனுடைய கூட்டாளி லண்டனில் இருந்து காவி வந்த ஈஸ்ட்மன் 515, தோளில் சுருள் வைத்து, கண்ணாடி போல மினுங்குகிற சாமான். நாலாவது, பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற பறங்கி (போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழிவந்தவர்) அங்கிளின் தாத்தா காலத்தது, பூசணிக்காயைப் பாதியாய் வெட்டியது போல முதுகு உருண்ட இத்தாலிய வகை.

முதல் நாள் நடந்ததை ஒப்பீடு என்று சொல்ல முடியாது, சண்டை என்றே சொல்லலாம். ஆளாளுக்குத் தங்கள் மாண்டலினை, தங்கள் பிக்கால் (கம்பியைத் தட்டுகிற சின்னத் தகடு), தங்களுக்குக் கைவந்த பாட்டில் வாசித்துவிட்டு "எப்படி?" என்று கேட்டோம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. மச்சானின் கம்பி போன கிழமை மாட்டியது, என்னுடையது உப்புக்காற்றில் கறுத்து ஒரு வருசம், அங்கிளுடையதை எப்போது மாற்றினார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. இதில் எதை எதோடு ஒப்பிடுவது? போதாததற்கு எல்லாருக்கும் எல்லாவற்றின் விலையும் தெரியும். விலை தெரிந்த காது விலையைத்தான் கேட்கும்.

அடுத்த நாள் உட்கார்ந்து ஒழுங்காகச் செய்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரிடம் "வரும்போது ஒரு நல்ல மாண்டலின் கொண்டு வாங்க" என்று சொல்லப் போகிற ஆள் என்றால், சொல்வதற்கு முன்னால் இதை ஒருக்கால் வாசியுங்கள். மாண்டலினுக்குக் கொடுக்கிற காசில் ஒரு பங்கு காதுக்குப் போகிறது, இன்னொரு பங்கு கண்ணுக்குப் போகிறது. எது எதற்குப் போகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், அரைவாசிக் காசு மிச்சம்.

முதல் கேள்வி, எந்தப் பாட்டுக்கு என்பது. கடையில் யாரும் இதைக் கேட்பதில்லை. மட்டக்களப்பில் மாண்டலின் வாசிக்கிறவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. பறங்கியர் கல்யாண வீட்டில் கஃப்ரிஞ்ஞா என்கிற நடனம் ஆடும்போது வயலினுக்கும் றபான் மேளத்துக்கும் நடுவில் மாண்டலின் கேட்க வேண்டும், அதற்கு வெட்டி எடுக்கிற சத்தம் வேண்டும். கோயில் பாடகர் குழுவோடு மெல்லிய பாட்டு வாசிக்கிறவருக்கு அந்த வெட்டு காதைக் குத்தும், அவருக்கு உருண்டு நீளுகிற சத்தம் வேண்டும். பைலா பாண்டில் வாசிக்கிறவர் எப்படியும் அம்பிளிஃபயரில் செருகத்தான் போகிறார், அவர் கையால் செதுக்கிய பலகைக்குக் காசு கொட்டுவதில் அர்த்தம் குறைவு.

கர்நாடக சங்கீதம் வாசிக்க நினைக்கிறவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் காசை வீணாக்குகிறார்கள். யூ. ஸ்ரீநிவாஸ் வாசித்ததைக் கேட்டு ஆசைப்பட்டுத்தான் பாதிப் பேர் மாண்டலின் தேடுகிறோம். அவர் 2014இல் 45 வயதில் போய்ச் சேர்ந்தது இன்னும் மனதுக்கு ஒப்பவில்லை. ஆனால் அவர் வாசித்தது மின்சார மாண்டலின், ஒவ்வொரு சுரத்துக்கும் ஒற்றைக் கம்பி. சாதாரண மாண்டலினில் எட்டுக் கம்பி, இரண்டு இரண்டாய் நாலு சோடி. சோடிக் கம்பியை இழுத்துக் கமகம் பிடித்துப் பாருங்கள், ஒன்று ஒரு பக்கம் போகும், மற்றது வேறு பக்கம் போகும், விரல் நுனி கிழியும். அந்த ஆசைக்கு இரண்டாயிரம் டொலர் கைவேலை மாண்டலின் வாங்குவது, வயல் உழுவதற்குப் பந்தயக் காளை வாங்குவது மாதிரி.

சரி, பாட்டு முடிவாயிற்று என்றால் வகைக்கு வருவோம். பெரிதாக நாலு வகைதான் கண்ணில் படும். கொய்யாக்காய் மாதிரி உருவம், சுருள் இல்லாதது ஏ வகை. தோளில் சுருளும் கீழே இரண்டு கூர்முனையும் வைத்தது எஃப் வகை. முதுகு உருண்டது நாப்பொலி (இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து) வகை. முன்னும் பின்னும் தட்டையாக, கிற்றார் போல ஒட்டியது தட்டை வகை, அதைப் போர்த்துக்கல் பக்கத்து பந்தோலிமிலும் பார்க்கலாம், அமெரிக்காவில் பிக் மடி போன்ற சின்னப் பட்டறைகளும் செய்தார்கள். தட்டை வகையைப் பலரும் மலிவுச் சாமான் என்று ஒதுக்குவார்கள். அது தப்பு. பலகையைக் குடைகிற வேலை இல்லாததால்தான் விலை குறைவு, நல்ல மரத்தில் செய்த தட்டை மாண்டலின் தனியே பாட்டு வாசிக்க அவ்வளவு இனிமை.

ஏ, எஃப் இரண்டிலும் இன்னொரு பிரிவு உண்டு, சத்தத்துக்கு அதுதான் முக்கியம். நடுவில் நீள்வட்டத் துளையா, வயலின் போல இரண்டு பக்கமும் எஃப் துளையா? நீள்வட்டத் துளை வைத்தது வட்டமாய், கொஞ்சம் இருட்டாய், நீண்டு ஒலிக்கும். எஃப் துளை வைத்தது முன்னால் பாயும், தட்டி நிறுத்தினால் "சக்" என்று வெட்டும். ஆக, வெளி உருவம் ஏயா எஃப்பா என்பதை விட இந்தத் துளை உங்கள் காதுக்கு நூறு மடங்கு பெரிய விசயம். எஃப் வகை, எஃப் துளை என்று பெயர் ஒன்றாக இருப்பதால் குழம்ப வேண்டாம். ஏ வகையிலும் எஃப் துளை வரும்.

செதுக்கிய பலகை வைத்த மாண்டலினுக்கு ஓர்வில் கிப்சன் 1898இல் காப்புரிமை எடுத்தார். எஃப் துளையை அதில் வெட்டியது பிறகு, லொயிட் லோயர் என்பவர் கிப்சன் கம்பனியில் வேலை செய்த 1920களில். அவர் கையெழுத்துப் போட்ட எஃப்-5 மொடல் மாண்டலின்கள் 1922 முதல் 1924 வரைதான், அந்த 1924இன் கடைசியில் அவர் விலகிவிட்டார். நமக்கு ஞாபகம் வைக்க லேசான வழி, கல்லடிப் பழைய பாலத்தின் வயதுதான் அந்த மாண்டலின்களுக்கும். இன்று அவை ஒவ்வொன்றும் இலட்சம் டொலரைத் தாண்டும். அமெரிக்க புளூகிராஸ் இசைக்காரர் பில் மன்றோ வாசித்த 1923ஆம் ஆண்டு மாண்டலின் அப்படி ஒன்றுதான், அதை அவர் புளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் கண்டு வாங்கினார். 1985இல் யாரோ வீடு புகுந்து அதை உடைத்துப் போட்டார்கள், துண்டுகளைச் சேர்த்து ஒட்டித் திரும்பவும் வாசித்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைக்குச் செய்கிற எஃப் வகையில் பெரும்பாலானவை அந்த ஒரு மொடலின் பிள்ளைகள். அந்தப் பெயருக்கும் அந்தச் சுருளுக்கும் நீங்களும் ஒரு பங்கு காசு கட்டுகிறீர்கள்.

இப்போது என் கொழும்பு மாண்டலினுக்கு வருகிறேன், சொல்ல வெட்கம்தான். "முழு மரம், கைவேலை" என்று கடைக்காரர் சொன்னார், நானும் தலையை ஆட்டினேன். மினுக்கத்தைப் பார்த்தேன், துளைக்குள் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள். மாண்டலினை வெளிச்சத்துக்குப் பிடித்து எஃப் துளையின் ஓரத்தை, அதாவது பலகை வெட்டுப்பட்ட அந்த மெல்லிய விளிம்பை, கண்ணுக்குக் கிட்டவாய் வைத்துப் பாருங்கள். மேலே நேர்கோடாய் ஓடுகிற மர வரி விளிம்பில் வளைந்து அப்படியே கீழே இறங்கினால் முழுப் பலகை. பாண் மேல் பூசிய பட்டர் போல மேலே ஒரு மெல்லிய தோல், அதற்குக் கீழே வேறு நிறத்தில் ஒன்று, பிறகு இன்னொன்று என்று அடுக்காய்த் தெரிந்தால் பிளைவூட். அந்த விளிம்பில் கறுப்பு மை பூசி மறைத்திருந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். மறைக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் மை பூசுகிறான்? என்னுடையதில் மை இருந்தது. ஊசி நுனியால் சுரண்டிப் பார்த்தேன், மூன்று அடுக்கு.

பிறகு துளை வழியே கைபேசி வெளிச்சத்தை விட்டு முதுகின் உட்பக்கம் பாருங்கள். வெளியே தெரிகிற புலிவரி உள்ளேயும் அதே இடத்தில் தெரிந்தால் அது முழு மேப்பிள். வெளியே புலி, உள்ளே வெறும் மொட்டைப் பலகை என்றால் ஒட்டுத்தோல்.

அந்த மரம் எதற்கு என்று கேட்டால், மேற்பலகைக்கு ஸ்புரூஸ், முதுகுக்கும் பக்கத்துக்கும் மேப்பிள், இதுதான் வழக்கம். ஸ்புரூஸ் லேசாகவும் இருக்கும், விறைப்பாகவும் இருக்கும், இந்த இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்த மரம் கிடைப்பது அரிது. ஊரில் ஒரு தச்சனார் பலா மரத்தில் மாண்டலின் செய்து பார்த்தார். வீணைக்குப் பலா சரி, மாண்டலினின் சின்ன உடம்புக்கு மேற்பலகையாய் அது பாரம், சத்தம் உள்ளேயே இருந்துவிட்டது. பார்க்க மட்டும் நல்ல வடிவு.

"கைவேலை" என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். மலிவுச் சாமானில் பலகையைச் சூடாக்கி அச்சில் அமத்தி வளைப்பார்கள், செதுக்குவதே இல்லை. நல்லதில் தடித்த ஸ்புரூஸ் கட்டையைக் குடைந்து எடுப்பார்கள், நடுவில் நாலு ஐந்து மில்லிமீற்றர், ஓரத்துக்கு வர மூன்று அளவில். அந்தத் தடிப்பை எங்கே எவ்வளவு விடுவது என்பதில்தான் சத்தம் இருக்கிறது. ரெக்சஸ்காரர் கொலிங்ஸ் போன்ற உயர்ந்த பட்டறைகளும் முரட்டு வேலையைக் கணினி இயந்திரத்துக்கு விட்டுக் கடைசி வேலையைக் கையால் முடிப்பார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. இயந்திரம் தொட்டதா என்று கேட்பதை விட, கடைசியாகப் பலகையைத் தட்டிக் கேட்டு, இன்னும் கொஞ்சம் சீவ வேண்டுமா என்று முடிவு செய்தது ஒரு மனிசனா என்று கேளுங்கள்.

இனி ஒப்பீடு. முதலில் எல்லாவற்றையும் ஒரே நிலைக்குக் கொண்டு வர வேண்டும், இதில் சோம்பல் பட்டால் மீதி எல்லாம் வீண். ஒரே வகைப் புதுக் கம்பி எல்லாவற்றுக்கும் மாட்டுங்கள். நாங்கள் டடாரியோ ஜே74 போட்டோம், 11, 15, 26, 40 என்று (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிப்பு) வருகிற செட். மாட்டி ஒரு நாள் விடுங்கள், உடனே கேட்டால் எல்லாம் தகரம் தட்டுகிற மாதிரித்தான் இருக்கும். உருண்ட முதுகுக்காரருக்கு மட்டும் இந்தக் கம்பி கூடவே கூடாது. எட்டுக் கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு ஏறத்தாழ 80 கிலோ, பழைய இத்தாலியப் பலகை அதைத் தாங்காமல் குதிரைக்கு, அதாவது கம்பிகளைத் தாங்கி நிற்கிற கட்டைக்கு, கீழே குழி விழும். அதற்கென்று மெல்லிய கம்பி தனியாக விற்கிறார்கள், அதைத்தான் போட வேண்டும்.

பிக் ஒன்றே ஒன்றுதான், எல்லாரும் அதையே பாவியுங்கள். இது அற்பம் மாதிரித் தெரியும். மெல்லிய பிளாஸ்டிக் பிக்கை வைத்துவிட்டு ஒன்றரை மில்லிமீற்றர் தடித்ததை எடுத்தபோது என் பிளைவூட் மாண்டலின்கூட ஒரு நிமிசம் மரியாதையான சாமான் மாதிரிக் கேட்டது. முந்நூறு டொலர் வித்தியாசம் என்று மச்சான் முதல் நாள் பெருமைப்பட்டதில் பாதி அவனுடைய பிக்கில் இருந்தது.

பிறகு குதிரை. மாண்டலின் குதிரையை ஒட்டுவதில்லை, கம்பி அமத்துகிற பாரத்தில்தான் நிற்கிறது, பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவரும்போது நகர்ந்துவிடும். பன்னிரண்டாம் மெட்டில் விரலை மெதுவாய் வைத்து மணிச்சத்தம் எடுங்கள், பிறகு அதே மெட்டை அமத்தி வாசியுங்கள், இரண்டும் ஒரே சுரமாக வர வேண்டும். அமத்தியது ஏறி இருந்தால் குதிரையைக் கழுத்தை விட்டுத் தள்ளி வையுங்கள், இறங்கி இருந்தால் கழுத்துப் பக்கம் கொண்டுவாருங்கள். குதிரையின் பாதம் பலகையில் முழுதாய் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், ஒரு கடுதாசித் துண்டு அடியில் நுழைந்தால் அங்கே சத்தம் கசிகிறது. கம்பி உயரம் பன்னிரண்டாம் மெட்டில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றருக்குள் இருந்தால் நல்லது. லண்டன் 515 முதல் நாள் எல்லாரையும் விட மோசமாய்க் கேட்டதற்குக் காரணம் மொடலும் இல்லை மரமும் இல்லை, விமானத்தில் குதிரை நாலு மில்லிமீற்றர் சாய்ந்து போயிருந்தது. அப்படியே விட்டிருந்தால் "சுருள் வைத்ததெல்லாம் ஏமாத்து" என்று நான் இங்கே எழுதியிருப்பேன்.

கேட்கிற ஆளுக்கு நல்ல காது வேண்டும், விலை தெரியக் கூடாது. எங்களுக்கு அக்காவின் மகள் கிடைத்தாள், சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் வயலின் படிக்கிற பிள்ளை. மாண்டலினும் வயலினும் ஒரே சுருதிக் கட்டு, ஜி டி ஏ இ, ஆகவே அவளுக்கு ஒவ்வொரு கம்பியும் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். முற்றத்து மாமரத்துக்குக் கீழே, பதினைந்து அடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார வைத்தோம். வாசிப்பது ஒருவர் மட்டும், மச்சான். நான் மாண்டலினை மாற்றி மாற்றிக் கொடுத்தேன், சில தரம் அதே மாண்டலினையே திரும்பக் கொடுத்தேன், அது முக்கியம், இல்லாவிட்டால் கேட்கிற ஆள் வித்தியாசம் இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்துக் கொள்ளும்.

பாட்டை உடனே வாசிக்க வேண்டாம். முதலில் ஜி சோடியை வெறுமனே தட்டிவிட்டு அது அடங்கும் வரை பொறுத்திருங்கள், எத்தனை எண்ணுகிறது என்று கணக்கு வையுங்கள். மலிவுச் சாமான் தடித்த கம்பியில்தான் முதலில் மாட்டுப்படும், "தொப்" என்று விழுந்து செத்துவிடும். பிறகு இ சோடியில் பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே போங்கள், அங்கே சத்தம் ஊசி போல மெலிகிறதா, சதை இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு ஏ சோடியில் ஒவ்வொரு மெட்டாய் ஏறுங்கள், ஒரே பலத்தில், அவசரம் இல்லாமல். ஏதாவது ஒரு மெட்டில் சத்தம் திடீரென்று விழுந்தாலோ, ஒரு சுரம் மட்டும் கத்தினாலோ குறித்து வையுங்கள். எவ்வளவு விலை கொடுத்த மாண்டலினிலும் இது வரும், கைவேலை என்பதால் ஒரே மொடலில் இரண்டு ஒன்றுபோல இருக்காது, அதனால் "அந்த மொடல் நல்லது" என்று கேள்விப்பட்டு வாங்குவதை விட இந்த ஒன்று நல்லதா என்று கேட்பதுதான் புத்தி.

கடைசிச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. முடிந்த மட்டும் மெதுவாக வாசியுங்கள், பக்கத்து அறையில் பிள்ளை தூங்குகிற மாதிரி. சத்தமாய் வாசித்தால் எல்லாம் ஓரளவுக்குக் கேட்கும். மெதுவாய் வாசிக்கும்போது நல்ல மாண்டலின் சத்தம் குறைந்தாலும் குணம் குறையாமல் நிற்கும், மட்டமானது வெறும் கம்பிச் சத்தமாய்ப் போய்விடும். அந்த இடத்தில் என் மாண்டலினைக் கேட்ட அங்கிள் தலையை ஆட்டிவிட்டு, "மனே, இது பெட்டிச் சத்தம்" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு.

கைபேசியில் பதிந்து ஒப்பிடுவதை மட்டும் நம்ப வேண்டாம். மெல்லிய சத்தத்தை அது தானாகவே தூக்கும், பெரிய சத்தத்தை அமத்தும், வட்ஸ்அப்பில் அனுப்பினால் மீதியும் போய்விடும். கடைகள் போடுகிற வீடியோவில் நல்ல மைக்கும் நல்ல கையும் வாசிக்கின்றன. வீடியோவைப் பார்த்துத்தான் வாங்க வேண்டி இருந்தால், ஒரே கடை, ஒரே ஆள், ஒரே அறையில் வாசித்த இரண்டு மொடல்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், அதுவும் ஹெட்ஃபோனில்.

முடிவு என்ன? பிளைவூட்டை அவள் ஒவ்வொரு தரமும் கண்டுபிடித்தாள், ஒன்றும் பிசகவில்லை. உருண்ட முதுகையும் அப்படியே, வெள்ளி மணி போல மெல்லியதாய் மேலே நிற்கிற சத்தம், யாருக்கும் தெரியும். ஆனால் 305ஐயும் 515ஐயும் பத்துத் தரம் மாற்றி மாற்றிக் கொடுத்ததில் ஆறு தரம்தான் சரியாய்ச் சொன்னாள். காசு சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவு வரும். லண்டன்காரர் முகம் சுருங்கிவிட்டது, பாவம், பிறகு பிளேன்டி கொடுத்துச் சமாதானப்படுத்தினோம்.

இதை வைத்து விலையைப் படிக்கலாம். ஈஸ்ட்மன் மொடல் எண்ணில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. நடு எண் 0 என்றால் ஏ வகை, 1 என்றால் எஃப் வகை. கடைசி எண் 4 என்றால் நீள்வட்டத் துளை, 5 என்றால் எஃப் துளை. முதல் எண் ஏற ஏறப் பொலிஷும் மரத்தின் அழகும் ஓர வேலையும் ஏறும். ஆகவே 305க்கும் 315க்கும் நடுவில் இருக்கிற சில நூறு டொலர் முழுக்கச் சுருளுக்கும் கூர்முனைக்கும், அதைச் செதுக்கி ஓரப்பட்டி வளைத்து ஒட்டுகிற ஆளின் நாட்கூலிக்கும் போகிறது. அந்த உழைப்பு பொய் இல்லை, கஷ்டமான வேலைதான், ஆனால் அது உங்கள் காதுக்கு வருகிற உழைப்பு இல்லை. கொலிங்ஸில் எம்ரி (MT) என்றால் ஏ வகை, எம்எஃப் என்றால் எஃப் வகை, அங்கேயும் இதே கதை, தொகை மட்டும் பெரிது. பொலிஷைப் பொறுத்தவரை, தடித்த பிளாஸ்டிக் போன்ற பூச்சு பலகையைக் கொஞ்சம் கட்டிப் போடும், மெல்லிய லாக்கரோ வார்னிஷோ விட்டுவிடும். 5 வரிசையின் பளபளப்பு மெல்லிய லாக்கர், அது சத்தத்தைக் கெடுக்கவில்லை, கூட்டவும் இல்லை என்றுதான் எங்கள் மாமரத்துக்குக் கீழே தெரிந்தது.

ஆக, என் கணக்கு இது: பிளைவூட்டில் இருந்து முழுப் பலகைக்கு ஏறுகிற காசு முழுக்கக் காதுக்கு, கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள். அங்கிருந்து இரண்டு மடங்கு விலைக்கு ஏறினால் பாதி காதுக்கு, பாதி கண்ணுக்கு. அதற்கும் மேலே, தனி ஆள் ஒருவர் பெயர் போட்டுச் செய்கிற மாண்டலினுக்கு ஏறினால் சத்தத்தில் ஒரு பிடி கூடும், ஆனால் வெளியில் அதை விற்றால் காசு திரும்பும், மட்டக்களப்பில் விற்க முடியாது. இங்கே அந்தப் பெயரைத் தெரிந்த ஆளே ஐந்து பேர் இருக்க மாட்டோம். "விலை நிற்கும்" என்று வெளிநாட்டுக்காரர் சொல்வது அவர்கள் ஊரில்தான் நிற்கும்.

பழைய சாமான் வாங்குகிறவர்கள் இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். பழைய உருண்ட முதுகு மாண்டலின்களில் துளைக்குக் கீழே பதித்திருக்கிற மண்ணிறப் புள்ளித் தகடு சில நேரம் அசல் ஆமை ஓடு. கடலாமை ஓட்டை அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது, சுங்கத்தில் மாட்டினால் மாண்டலினும் போகும். இந்திய ரோஸ்வுட் விரற்பலகை வைத்த முடிந்த வாத்தியங்களுக்கு 2019இன் கடைசியில் இருந்து அந்த அனுமதிப் பத்திரத் தொல்லை இல்லை. கொண்டுவருகிற ஆளிடம் ரசீதைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள், கம்பியை ஒரு சுரம் இறக்கி, குதிரைக்குக் கீழே மெல்லிய துணி வைத்து, கைப்பொதியாய்த்தான் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கடைசியில் மச்சான் 305ஐ என்னிடம் விட்டுவிட்டுப் போனான், காசைப் பிறகு அனுப்பு என்று. கச்சான் நேரம் அது காய்ந்து, கம்பி தாழ்ந்து, மெட்டு ஓரங்கள் கையைக் கீறின. கார்த்திகையில் மழை இறங்கி வாவிப் பக்கக் காற்றில் ஈரம் ஏறியதும் பலகை ஊதி, கம்பி அரை மில்லிமீற்றர் உயர்ந்துவிட்டது. பயப்பட ஒன்றும் இல்லை. குதிரையில் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் இருக்கிறது, கம்பியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு மாரிக்குக் கால் சுற்று இறக்கவும் கச்சானுக்குக் கால் சுற்று ஏற்றவும் வேண்டும். எந்தப் பக்கம் எவ்வளவு என்று சக்கரத்தின் விளிம்பில் வெள்ளைப் புள்ளி ஒன்று வைத்திருக்கிறேன். பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் இரண்டு கிடக்கிறது, அதை மாதத்துக்கு ஒருக்கால் வெயிலில் காயப்போட வேண்டும், போன மாதம் மறந்துவிட்டேன்.